தண்டுக்கு வந்த அவரை

1809-இல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு வந்தது. அல்சூரை ஒட்டித் தண்டு என்னும் படைக் குடியிருப்பு எழுந்தது. தமிழ்ச் சிப்பாய்களும் வணிகர்களும் குடியேறினார்கள்.

மார்கழியில் இங்கே அவரைக்காய்தான் ராஜா. ஊறிய கொட்டையை இரு விரலால் அழுத்தினால் தோல் கையில் தங்கும், பருப்பு வழுக்கி ஓடும். அதுதான் பிதுக்குப் பருப்பு. குழம்பு கொதிக்கும்போதே பாதி காலி!

கடல் கடந்து வந்த காய்களும் இங்கே உண்டு. மெக்சிகோவின் டாக்கோவில் நிரப்பும் ராஜ்மாவும் சந்தை பீன்ஸும் ஒரே இனம். பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். பெங்களூர்க் கத்தரிக்காய் என்று தமிழர்கள் ஊர்ப்பெயர் சூட்டிய சௌசௌவோ அசல் மெக்சிகோக்காரர்.

1945-இல் ரேடார் ஆய்விலிருந்த பெர்சி ஸ்பென்சர் மைக்ரோவேவ் சமையலுக்கு வழி திறந்தார். வெந்த பிதுக்குப் பருப்பை மைக்ரோவேவ் அடுப்பில் இரண்டு நிமிடம் சுடவைத்து, வெங்காயம், எலுமிச்சையோடு மக்காச்சோள டாக்கோவில் வைக்கலாம். ராஜ்மா என்றால் முதலில் குக்கரில் நன்றாக வேகவேண்டும். அரைவேக்காடு வயிற்றைக் கெடுக்கும்.