எழுந்து நின்ன பெஞ்ச்

போன எபிசோடுல திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பத்திப் பேசினோம். அதைக் கேட்ட ஒருத்தர் ஒரே வரியில ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்: "அது யார் வீட்டுத் திண்ணை?" இன்னைக்கு அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கப்போறோம்.

முதல்ல என் கதை. நான் திருவண்ணாமலையில படிச்சவன். ஆறாம் வகுப்புல ஒருநாள் வாத்தியார் நோட்டோட வந்து, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்க எழுந்து நில்லுங்க"ன்னார். என் பக்கத்துல இருந்தவன் எழுந்து நின்னான். நான் உட்கார்ந்திருந்தேன். அதுவரைக்கும் அவன் எந்தத் தெருன்னுகூட நான் கேட்டதில்ல. அன்னைக்கு மத்தியானம், எப்பவும் அவன் டிபன் பாக்ஸ்ல கை வைக்கிற இன்னொருத்தன் கை வைக்கல. வாத்தியார் கெட்டவர் இல்ல. பணம் போய்ச் சேரணும்னுதான் கூப்பிட்டார். ஆனா அந்த ஒரு நிமிஷம் எங்க பெஞ்சை ரெண்டாக்கிடுச்சு.

இப்போ வரலாறு. சென்னை மாகாணத்துல 12,498 பள்ளிகள் இருந்ததா 1826ல கவர்னர் தாமஸ் மன்றோ எழுதினார். பெரிய எண்ணிக்கைதான். ஆனா பள்ளிக்கூடம் நடந்த இடங்களைப் பாருங்க: யாரோ ஒருத்தர் வீட்டுத் திண்ணை, கோவில் மண்டபம், ஊர்ச் சாவடி. அந்தத் தெருவுல கால் வைக்கவே முடியாத பிள்ளைக்கு, பள்ளிக் கதவு திறந்திருந்தா என்ன, மூடியிருந்தா என்ன? நம்ம ஊர் மாதிரி கோவிலைச் சுத்தி வளர்ந்த ஊர்கள்ல பள்ளிப் பிரச்சினையும் கோவில் பிரச்சினையும் ஒரே முடிச்சு.

இந்த முடிச்சைத் தெளிவா பார்த்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1892ல சென்னை மகாஜன சபைக் கூட்டத்துல கோவில் நுழைவு கேட்டார், எதிர்ப்புதான் வந்தது. அதே கூட்டத்துல, தன் மக்களோட பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு வரைக்கும் இலவசக் கல்வியும், தரிசு நிலமும் கேட்டார். அடுத்த வருஷமே, 1893ல, 'பஞ்சமர்' கல்விக்கான அரசாணை வந்தது. தனிப் பள்ளிகள், அதுக்குப் புறம்போக்கு இடம், ஆசிரியர் பயிற்சிக்கு உதவித்தொகை. 1894ல கர்னல் ஆல்காட் அடையாறு பக்கம் இலவசப் பள்ளி தொடங்கினார்.

மிஷன் பள்ளிகள்லயும் இதே சண்டை நடந்திருக்கு. நம்ம ஊர்க்காரங்களுக்கு டேனிஷ் மிஷன் பள்ளி நல்லாவே தெரியும். அந்த டேனிஷ் மிஷன் தமிழ்நாட்டுல கால் ஊன 1860கள்ல வழி திறந்தவர் கார்ல் ஓக்ஸ். அவர் அதுக்கு முன்னாடி இருந்தது லைப்சிக் மிஷன்ல. சாதியை எவ்வளவு தூரம் பொறுத்துக்கலாம்ங்கிற சண்டையிலதான் அங்கிருந்து விலகி, மேல்பட்டாம்பாக்கத்துல தனியா வேலையைத் தொடங்கினார். யார் யாரோட உட்கார்ந்து சாப்பிடுவாங்கன்ற கேள்வி தேவாலயத்துக்குள்ளயும் இருந்தது.

1919ல அரசு இன்னும் ஒரு படி போச்சு. பொதுப் பள்ளிகள் பஞ்சமர் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பக்கூடாது. அவங்க வரமுடியாத இடத்துல இருக்குற பள்ளியை வேற இடத்துக்கு மாத்தணும். காகிதத்துல இருந்தது ஊருக்குள்ள அவ்வளவு சுலபமா வரல. அதனால 1920களுக்கு அப்புறம் தொழிலாளர் துறை தனிப் பள்ளிகளைப் பெருக்குச்சு. இன்னைக்கு இருக்குற ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளோட வேர் அதுதான்.

இங்கதான் எனக்குச் சிக்கல். பொதுப் பள்ளி கதவைச் சாத்தினப்போ தனிப் பள்ளிதான் எழுத்தறிவு கொடுத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா தற்காலிகமா போட்ட கொட்டகை நூறு வருஷம் நின்னுடுச்சு. அந்தப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோட இணைக்கப் போறதா 2023 பட்ஜெட்லதான் அறிவிச்சாங்க.

அதே 2023, ஜனவரி 30. நம்ம மாவட்டத்துல தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோவிலுக்குள்ள பட்டியலின மக்கள் போலீஸ் பாதுகாப்போட முதல்முறையா நுழைஞ்சாங்க. அயோத்திதாசர் கேட்டு 131 வருஷம் ஆகியிருந்தது.

அந்த ஆகஸ்ட்ல நாங்குநேரியில ஒரு பள்ளி மாணவனைக் கூடப் படிச்சவங்களே வீடு புகுந்து வெட்டினாங்க. அதுக்கப்புறம் அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024ல அறிக்கை கொடுத்தது. அதுல பல பரிந்துரைகள்: கையில சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்ல சாதி கூடாது, மாணவர்களைப் பெயரோட அகரவரிசையில உட்கார வைக்கணும். நான் திரும்பத் திரும்பப் படிச்சது வேற ஒண்ணு. வகுப்புல மாணவரோட சாதியை நேரடியாவோ மறைமுகமாவோ சொல்லக்கூடாது. உதவித்தொகை விஷயத்தைத் தலைமையாசிரியர் தனியா கூப்பிட்டுப் பேசணும்.

சின்ன விஷயம்தான். பைசா செலவில்ல. உதவித்தொகை உரிமை, அதை வாங்க நாப்பது பேர் முன்னாடி எழுந்து நிக்கணும்னு எந்த அரசாணையும் சொல்லல. அது நாமளா சேர்த்துக்கிட்டது.

என் நண்பன் அதுக்கப்புறமும் என் பக்கத்துலதான் உட்கார்ந்தான். ஆனா டிபன் பாக்ஸை மட்டும் வெளிய எடுத்துட்டுப் போய்ச் சாப்பிட ஆரம்பிச்சான். ஏன்னு நான் கேட்கல. அன்னைக்குக் கேட்டிருக்கணும்.

உங்க வகுப்புல யார் எழுந்து நின்னாங்க? எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.