யாரும் மறைந்து போகவில்லை

ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பன்டெலியர் தேசிய நினைவுச்சின்னம் என்று ஒரு இடம் இருக்கு. அங்குள்ள புவெப்லோ சுற்றுப்பாதையின் நீளம் 2 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். ஆறுதலாக நின்று பார்த்து நடந்தாலும் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிஞ்சிடும். கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் என்பதால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஆனால் நடந்து முடிச்ச பிறகு எங்களுக்கு மனதில் நின்றது பாறையோ வீடுகளோ இல்லை. ஒரு கேள்வி: இங்க இருந்த ஆக்கள் எங்க போனவை?

பாதை ஃப்ரிஹோலெஸ் பள்ளத்தாக்கின் அடியில் தொடங்குது. ஃப்ரிஹோலெஸ் என்றால் ஸ்பானிய மொழியில் அவரை, பயறு வகை. பெயரே இது விவசாயிகளின் நிலம் என்று சொல்லுது. நடுவில் ஒரு சிற்றாறு ஓடுது. மேலே மேசை போலத் தட்டையான நிலத்திலும் கீழே ஆற்றோரத்திலும் சோளம், அவரை, பூசணி மூன்றையும் பயிரிட்டு, சுமார் 1150 தொடக்கம் 1550 வரை 400 வருடங்கள் மக்கள் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள்.

கொஞ்சத் தூரத்தில் கியுவெனி என்ற கிராமத்தின் அடித்தளம் வருது. வட்டமாகக் கட்டிய ஊர். நடுவில் முற்றம், சுற்றிவர ஒன்றோடொன்று ஒட்டிய ஏறத்தாழ 400 சின்னச் சின்ன அறைகள். முற்றத்துக்குள் போகத் தரைமட்டத்தில் ஒரே ஒரு வழி. அறைகளுக்குள் கூரையில் விட்ட துளை வழியாக ஏணியில் இறங்க வேண்டும். 400 அறை என்றதும் ஆயிரக்கணக்கான சனம் இருந்திருக்கும் என்று நினைத்தோம். ஆனால் 100 பேரளவில்தான் இருந்திருப்பார்கள் என்று கணித்திருக்கிறார்கள். மிச்ச அறைகளில் பெரும்பாலானவை தானியம் சேமிக்க. மழையை நம்ப முடியாத ஊரில் களஞ்சியம்தான் உயிர். கூரைக்குப் போட்ட மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணித்தான் இந்த ஊருக்கு 600 வயதளவில் என்று சொல்ல முடிகிறது.

பிறகு பாதை பாறைச்சுவரை நோக்கி ஏறுது. இந்தப் பாறை உண்மையில் இறுகிய எரிமலைச் சாம்பல். பத்து லட்சம் வருடங்களுக்கு முதல் வெடித்த எரிமலை கொட்டிய சாம்பல், சில இடங்களில் 300 மீற்றர் தடிப்புக்குப் படிந்து கல்லானது. மெதுமையான கல் என்பதால் கல்லாயுதங்களாலேயே குடைந்து அறை எடுத்திருக்கிறார்கள். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தால் கூரை முழுக்கக் கரி. அது அடுப்புப் புகையின் அழுக்கு மட்டும் இல்லை. புகைக்கரி படிந்தால் சாம்பல்கல் உதிராமல் இறுகி நிற்கும். பூசி மெழுகிய கீழ்ச்சுவர், கரி பிடித்த கூரை, வாசலுக்கு வெளியே கல்லடுக்கிக் கட்டிய இன்னும் சில அறைகள். அதுதான் ஒரு குடும்பத்தின் வீடு.

அந்த வெளி அறைகள் இப்ப பெரும்பாலும் இல்லை. ஆனால் பாறையில் வரிசை வரிசையாகத் துளைகள் இருக்கு. கூரை வளைகளைச் செருகின இடங்கள் அவை. துளை வரிசைகளை எண்ணினால் எத்தனை மாடி என்று தெரியும், சில இடங்களில் மூன்று. வீடுகள் எல்லாம் தெற்குப் பார்த்த சுவரில் இருப்பதும் தற்செயல் இல்லை. பனிக்காலத்தில் வெயில் விழும் பக்கம் அது.

சரி, எங்க போனவை?

இணையத்தில் தேடினால் 'மர்மமாக மறைந்த நாகரிகம்' என்று நிறைய வரும். தமிழிலும் அப்படித் தலைப்புப் போட்ட காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. சிலர் வேற்றுக்கிரகவாசிகள் வரைக்கும் போய்விடுவார்கள். உண்மை அதைவிட எளிமையானது. 400 வருடப் பயிர்ச்செய்கையில் மண் களைத்தது, சுற்றுவட்டத்தில் விறகும் மரமும் குறைந்தது, அதோடு கடும் வரட்சியும் சேர்ந்தது. 1550 அளவில் அவர்கள் பக்கத்திலிருக்கும் ரியோ கிராண்டே ஆற்றங்கரைக்கு இடம்பெயர்ந்தார்கள். அவர்களுடைய நேரடிச் சந்ததி இன்றும் அந்த ஆற்றங்கரையில் கொச்சிட்டி என்ற ஊரில் இருக்கிறது. நியூ மெக்சிகோவில் மட்டும் இப்படி 19 புவெப்லோ சமூகங்கள் இருக்கு. அரிசோனாவின் ஹோப்பி மக்களும் இதே மூதாதையரின் வழிவந்தவர்கள்தான். மறைந்தது வீடு, ஆக்கள் இல்லை.

இதில் பெயருக்கும் ஒரு கதை இருக்கு. நீண்டகாலம் தொல்லியலாளர்கள் இந்த மூதாதையரை 'அனசாசி' என்றார்கள். அது அயலில் வாழும் நவஹோ மக்களின் சொல். 'எதிரிகளின் மூதாதையர்' என்ற மாதிரி ஒரு பொருள் அதற்கு உண்டு. உங்கட பாட்டன் பூட்டனுக்கு வேறொருவர் வைத்த இப்படியொரு பெயர் பாடப்புத்தகத்தில் ஏறினால் எப்படி இருக்கும்? புவெப்லோ மக்கள் ஆட்சேபித்தார்கள். இப்போது 'மூதாதைப் புவெப்லோ மக்கள்' என்ற பெயரே பெரும்பாலும் பாவனையில் இருக்கு.

இடத்தின் பெயரும் அப்படித்தான். அடோல்ஃப் பன்டெலியர் சுவிற்சர்லாந்தில் பிறந்த ஆய்வாளர். 1880 இல் அவர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார். 'கண்டுபிடித்தார்' என்று எழுதுவது சுலபம். ஆனால் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர் கொச்சிட்டியைச் சேர்ந்த ஹோசே மொன்டோயா. தன் மூதாதையர் வாழ்ந்த நிலத்தைக் காட்டுகிறேன் என்று அழைத்து வந்தவர். அதாவது, இந்த இடம் யாருக்கும் தெரியாமல் கிடக்கவில்லை. 300 வருடங்களுக்கு மேலாகியும் வழி தெரிந்த ஆக்கள் ஊரில் இருந்தார்கள். 1916 இல் இது தேசிய நினைவுச்சின்னமானபோது பலகையில் ஏறியது வழி கேட்டு வந்தவரின் பெயர், வழி காட்டினவரின் பெயர் இல்லை.

சொல்லில் என்ன இருக்கு என்று கேட்கலாம். ஒரு இனம் மறைந்துவிட்டது என்று எழுதினால், அவர்கள் விட்டுப்போன எதற்கும் உரிமையாளர் இல்லை என்று ஆகிவிடும். இதே மாநிலத்தில் பேக்கொஸ் என்ற இடத்தில் அதுதான் நடந்தது. 1915 தொடக்கம் 1929 வரை ஆல்ஃபிரட் கிடர் அங்கே அகழ்வு செய்தார். ஏறத்தாழ 2,000 மனிதரின் எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டு, தூரத்து அருங்காட்சியகப் பெட்டிகளுக்குப் போயின. ஆனால் பேக்கொஸின் கடைசிக் குடும்பங்கள் 1838 இல் ஹெமெஸ் புவெப்லோவுக்குப் போய்ச் சேர்ந்ததும், அவர்களின் பிள்ளைகள் அங்கே வாழ்வதும் தெரியாத விசயமே இல்லை. பழங்குடியினரின் கல்லறை எச்சங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1990 இல் சட்டம் வந்தது. 1999 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகம் அவற்றைத் திருப்பிக் கொடுத்தது. ஹெமெஸ் மக்கள் பேக்கொஸ் மண்ணிலேயே மறுபடி அடக்கம் செய்தார்கள். ஓர் இறுதிச் சடங்கு முடிய ஏழு தசாப்தங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் நிலமும் தப்பவில்லை. கொச்சிட்டி மக்களின் நிலத்தில் ரியோ கிராண்டேயை மறித்து அமெரிக்க இராணுவப் பொறியியல் பிரிவு ஓர் அணை கட்டியது. 1975 இல் அது செயற்படத் தொடங்கியதும் அணையிலிருந்து கசிந்த நீர் கீழே இருந்த வயல்களைச் சதுப்பாக்கியது. வரட்சிக்கு இடம்பெயர்ந்து ஆற்றங்கரையில் வயல் செய்தவர்களின் பிள்ளைகள், இந்த முறை தண்ணீரால் வயலை இழந்தார்கள். ஆனால் ஊரை விட்டுப் போகவில்லை.

பாதை முடியும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தால், தரையிலிருந்து 140 அடி உயரத்தில் ஒரு பெரிய பாறைக் குடைவு வரும். நாலு மர ஏணியும் கற்படிகளும் ஏற வேண்டும். இரண்டாவது ஏணியில் எங்களுக்குக் கை நடுங்கினது உண்மை. இந்த உயரத்துக்கு அந்த மக்கள் தண்ணீரும் தானியமும் சுமந்து ஏறியிருக்கிறார்கள். மேலே வட்டமாக ஒரு கீவா இருக்கு. சடங்கு செய்யவும், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும், ஊர் கூடி முடிவெடுக்கவும் தரைக்குக் கீழே கட்டும் மண்டபம் அது. இங்குள்ளது பின்னாளில் திருத்திக் கட்டியது. ஆனால் கீவா பழங்காலத்து விசயம் இல்லை. இன்றைய புவெப்லோ ஊர்களில் அவை பாவனையில் இருக்கு, வெளியாருக்கு அனுமதி இல்லாமல்.

அங்கே நின்றுதான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. நாங்கள் 'இடிபாடு' என்று பார்க்க வந்ததை, கொச்சிட்டி ஆக்கள் மூதாதையரின் ஆன்மா இன்னும் குடியிருக்கும் ஊராகப் பார்க்கிறார்கள். சுவரில் கை வைக்காதே, ஓட்டுத்துண்டு கூட எடுக்காதே என்ற விதிகளை அதற்குப் பிறகு நாங்கள் வேறு மாதிரித்தான் கேட்டோம். ஆள் இருக்கிற வீட்டுக்குப் போனால் கையைக் கட்டிக்கொண்டுதானே நிற்போம்.