செயலி உருவாக்கம்: நிரல்மொழித் தேர்வும் வெளி ஒப்படைப்பும்

செல்பேசிச் செயலியை எந்த நிரல்மொழியில் எழுதுவது, சொந்தக் குழுவே எழுதுவதா, வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பதா என்பவை அதன் செலவையும் ஆயுளையும் தீர்மானிக்கும் முடிவுகள்.

மொழிகள்: ஆண்ட்ராய்டு செயலிகள் தொடக்கத்தில் ஜாவாவில் எழுதப்பட்டன. ஜெட்பிரெயின்ஸ் உருவாக்கிய கோட்லினை கூகுள் 2017இல் ஏற்று, 2019இல் முன்னுரிமை மொழியாக்கியது. கோட்லினில், மதிப்பின்றி வெறுமையாக இருக்கக்கூடிய மாறியின் வகைப்பெயருக்குப் பின் கேள்விக்குறி இடவேண்டும். அந்த வெறுமையைச் சோதிக்காமல் மாறியைப் பயன்படுத்தினால் கம்பைலர் நிரலை ஏற்காது. செயலி திடீரென நின்றுபோகும் பிழைகள் இதனால் பெரிதும் குறைகின்றன. ஐபோனில் ஆப்ஜெக்டிவ்-சியின் இடத்தை 2014இல் அறிமுகமான ஸ்விஃப்ட் பிடித்தது. ரியாக்ட் நேட்டிவ், டார்ட் மொழியைப் பயன்படுத்தும் ஃபிளட்டர் ஆகிய கட்டமைப்புகள் இரு தளங்களுக்கும் ஒரே நிரலை எழுத உதவுகின்றன.

தேர்வு: கேமரா, புளூடூத் போன்றவற்றை ஆழமாகப் பயன்படுத்தும் செயலிக்கு அந்தந்தத் தளத்தின் மொழியே ஏற்றது. படிவமும் பட்டியலுமாக அமையும் வணிகச் செயலிக்கு இரு தளங்களுக்கும் பொதுவான நிரல் போதும்.

ஒப்படைப்பு: இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. ஊழியர் பணியின் பகுதியாக எழுதும் நிரல், வேறு உடன்பாடு இல்லாவிடில், நிறுவனத்துக்கு உரியது. வெளியார் எழுதியதன் உரிமையோ, எழுத்துவழி கையொப்பமிட்டு மாற்றித் தரப்படும்வரை பொதுவாக அவர்களிடமே இருக்கும். ஆகவே நிரலின் உரிமையோடு மூலநிரல், ஆப் ஸ்டோர் கணக்குகள், செயலியை வெளியிடத் தேவையான கையொப்பச் சாவி ஆகிய மூன்றும் செயலியின் உரிமையாளர் கைக்கு வருவதைப் பணி தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் உறுதிசெய்ய வேண்டும்.