ஐடி வேலையிலிருந்து மேலாளர் பதவிக்கு: என்ன படிக்கலாம், யார் பணம் கட்டுவது?

ஜொகூரின் செடெனாக், நூசாஜெயா பக்கம் தரவு மையங்கள் பெருகி வருகின்றன. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டார ஒப்பந்தமும் கையெழுத்தானது. சர்வர் 'டவுன்' ஆனா ஓடிப்போய்ச் சரிசெய்பவரா நீங்கள்? குழுவை வழிநடத்த என்ன தேவை?

எந்தச் சான்றிதழ்?

ஐடிஐஎல் அடிப்படைத் தேர்வு: ஐடி சேவை நிர்வாகம் பற்றியது. முன்தகுதி வேண்டாம், இங்கிருந்தே தொடங்கலாம்.

பிஎம்பி: திட்ட நிர்வாகத்துக்கானது. பட்டதாரி என்றால் திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவம் வேண்டும். பள்ளிப் படிப்பு மட்டும் என்றால் 60 மாதம். கூடவே 35 மணிநேரப் பயிற்சி. 'மேனேஜர்' என்ற பெயர்ப்பலகை கட்டாயமில்லை.

செலவு யாருடையது?

பெரும்பாலான துறைகளில், 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்கள் உள்ள நிறுவனம் எச்ஆர்டி கார்ப் அமைப்புக்குச் சம்பளத் தொகையில் 1 விழுக்காடு லெவி கட்டுகிறது. அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. அந்தப் பணம் பயிற்சிக்குத்தான். ஆனால் முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே. அதனால் சொந்தக் காசைக் கட்டுவதற்கு முன், மனிதவளப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

இன்றே செய்யலாம்

நீங்கள் வழிநடத்திய வேலைகளைத் தேதியோடு எழுதி வையுங்கள். வேலை மாறிய பிறகு, அந்த 36 மாதத்தைக் காட்ட அதுதான் கைகொடுக்கும்.