ஓர் அழிப்பானும் நமது துறைமுகமும்



பொது அறிவுப் புதிர்ப்போட்டி என்றதும் தமிழ்ப்பள்ளிகளில் நாம் செய்வது என்ன? நூறு கேள்விகளையும் நூறு விடைகளையும் தட்டச்சுச் செய்து மாணவர்களிடம் கொடுத்து மனனம் செய்யச் சொல்கிறோம். ரப்பர் விதைகளைப் பிரேசிலிலிருந்து கொண்டு சென்றவர் யார்? மலேரியாவைப் பரப்புவது கொசு என்று நிறுவியவர் யார்? போர்ட் கிள்ளானின் பழைய பெயர் என்ன? விடைகள் உடனுக்குடன் வருகின்றன. போட்டி முடிந்த மறுவாரமே மறந்தும் போகின்றன. கோக்கப்படாத மணிகள் உருண்டோடுவது இயல்புதானே!

மேற்கண்ட மூன்று கேள்விகளுக்கும் ஒரே கதையில் விடை இருக்கிறது. அதைச் சங்கிலி விளையாட்டாக வகுப்பில் நடத்தலாம். விதி ஒன்றுதான். ஒரு செய்தியிலிருந்து அடுத்த செய்திக்குச் செல்ல “ஆகையால்” என்றோ “அதே மனிதர்” என்றோ ஒரு கொக்கி வேண்டும். “அதே ஆண்டில்” என்பது கொக்கி ஆகாது. காரணத்தை மாணவர்கள் பின்வரும் பகுதியில் காண்பார்கள்.

முதற்கண்ணி: அழிப்பான்

ஒவ்வொரு மாணவரின் பென்சில் பெட்டியிலும் ஓர் அழிப்பான் உண்டு. 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கிலேயர், மரப்பாலிலிருந்து கிடைக்கும் ஒரு பொருள் பென்சில் எழுத்தை நன்றாக அழிக்கிறது என்று எழுதி வைத்தார். தேய்த்தல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே ‘ரப்பர்’ என்னும் பெயர் அதற்கு ஏற்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் உயிர்வளியைப் பிரித்துக் காட்டியவரும் இவரே. அறிவியல் பாடத்தில் நாம் சந்திக்கும் மனிதர், எழுதுபொருள் பெட்டியிலும் இருக்கிறார்!

இரண்டாம் கண்ணி: விதை

அந்த மரம் அன்று அமேசான் காட்டில் மட்டுமே வளர்ந்தது. 1876இல் ஹென்றி விக்காம் என்பவர் ஏறத்தாழ 70,000 விதைகளைப் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டு சென்றார். முளைத்தவை 2,700 அளவே. அடுத்த ஆண்டு அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் 9 பேராக் மாநிலத்தின் கோலாகங்சாரில் நடப்பட்டன. விக்காம் விதைகளைத் ‘திருடினார்’ என்று பல புத்தகங்களில் படிக்கிறோம். ஆனால், அக்காலத்தில் ரப்பர் விதை ஏற்றுமதியைத் தடுக்கும் சட்டம் எதுவும் பிரேசிலில் இல்லை. சுவையான கதை என்பதற்காக ஒரு செய்தியை அப்படியே ஏற்கக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையை வகுத்த ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஆண்டு 1888. ஜான் டன்லப் காற்றடைத்த சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்ற ஆண்டும் 1888. “இதனால்தான் அது நடந்தது” என்று ஒரு மாணவர் நிச்சயம் சொல்வார். இல்லை. ஒருவர் செய்வதை மற்றவர் அறிந்திருக்கவில்லை. ஒரே ஆண்டு என்பது தற்செயல். பின்னாளில் அவ்விரண்டும் மோட்டார் வாகனத்தில் சந்தித்துக்கொண்டதுதான் வரலாறு.

மூன்றாம் கண்ணி: மரப்பட்டை

விக்காமின் பயணத்திற்குப் பின்னால் இருந்தவர், இந்திய அலுவலகத்தில் பணியாற்றிய கிளெமென்ட்ஸ் மார்க்கம். அதே மனிதர் 1860இல் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளிலிருந்து சிங்கோனாச் செடிகளைத் தமிழகத்தின் நீலகிரிக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தவர். சிங்கோனாப் பட்டையிலிருந்து எடுப்பதுதான் நம் பாட்டன்மார் முகம் சுளித்துக்கொண்டு விழுங்கிய ‘கொய்னா’. நம்மவர்களை மலாயாவிற்கு இழுத்த மரத்தையும், இங்கே அவர்களை வாட்டிய காய்ச்சலுக்கு மருந்தான மரத்தையும் இடம் பெயர்த்ததில் ஒரே மனிதருக்குப் பங்கு உண்டு.

இதைவிட வியப்பான ஒன்று உள்ளது. நீலகிரியில் நடுவட்டம் என்னும் ஊரின் சிங்கோனாத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் சீனக் கைதிகளும் இருந்தனர். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் போதிய சிறை வசதி இல்லாமையால் அவர்கள் சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்டவர்கள். விடுதலைக்குப் பின் சிலர் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்ததை எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்துள்ளார். மறுபுறம், இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டுச் சாலைகளையும் புனித ஆண்ட்ரு தேவாலயத்தையும் கட்டினர். வங்கக் கடலை மனிதர்கள் இரு திசையிலும் கடந்திருக்கிறார்கள். நாம் மட்டும்தான் ஒரு திசையில் வந்தோம் என்று எண்ணுவது பாதி வரலாறே.

நான்காம் கண்ணி: கொசு

கொய்னா காய்ச்சலைத் தணித்தது. காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்பதை மட்டும் எவரும் அறியவில்லை. 1857இல் கிள்ளானின் இராஜா அப்துல்லா ஈயம் தேட அம்பாங்கிற்கு அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்களில் ஒரு மாதத்திற்குப் பின் எஞ்சியவர்கள் 18 பேரே என்று கோலாலம்பூர் வரலாறு கூறுகிறது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள், செகந்திராபாத்தில் இராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஐந்தாம் கண்ணி: நமது துறைமுகம்

சிலாங்கூரின் பிரிட்டிஷ் அதிகாரியாக 1882இல் வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், தீயாலும் வெள்ளத்தாலும் சீரழிந்த கோலாலம்பூரைச் செங்கல்லால் கட்டச் செய்தார். செங்கல் சூளைகள் இருந்த இடமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் 1886இல் இரயில் ஓடியதும் அவர் முயற்சியால்தான். ஆற்றோரத்துப் பழைய கிள்ளான் துறை பெரிய கப்பல்களுக்கு ஏற்றதாக இல்லை. ஆகையால், ஆற்றின் முகத்துவாரத்தில் புதிய துறைமுகம் எழுந்தது. 1901 செப்டம்பர் 15ஆம் நாள் திறக்கப்பட்ட அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயரிட்டனர். 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது அதுவே.

சதுப்பு நிலத்தில் எழுந்த அந்தத் துறைமுகம், திறந்த இரண்டே மாதங்களில் மலேரியாவால் மூடப்பட்டது! கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன், ராஸின் கண்டுபிடிப்பை அடிப்படையாகக் கொண்டு, சதுப்பு நிலத்தை வடித்துத் தூர்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலுக்கு இறந்தவர்கள் 368 பேர். 1902இல் அந்த எண்ணிக்கை 59. 1905இல் 45. கொசுவை ஒழித்து மலேரியாவை வென்ற உலகின் முதல் வெற்றிகளுள் ஒன்று நாம் அன்றாடம் கடந்து செல்லும் இம்மண்ணில் நிகழ்ந்தது. கால்வாய்களைத் திட்டமிட்டவரின் பெயர் நூல்களில் இருக்கிறது. சேற்றில் இறங்கி மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர்கள் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். கடலோரத்தில் வென்ற அதே முறை மலைப்பாங்கான தோட்டங்களில் தோற்றது. கடலோரச் சதுப்பின் கொசு நிழலை நாடுவது. காட்டை அழித்ததும் குறைந்தது. மலைச் சரிவின் கொசுவோ வெயில் படும் ஓடை நீரில் முட்டையிடுவது. காட்டை அழித்ததும் பெருகியது. கொசுவின் இனத்தை அறிந்த பிறகே வழியை முடிவு செய்ய வேண்டும் என்று வாட்சன் கற்றுக்கொண்டார். ஓரிடத்து விடையை எல்லா இடத்திற்கும் எழுதக் கூடாது என்பதைப் புதிர்ப்போட்டி நமக்குச் சொல்லித் தருவதில்லை.

ஆறாம் கண்ணி: பள்ளிக்கூடம்

ரப்பர் விலை ஏற ஏறத் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் வந்திறங்கினர். குடும்பங்கள் வந்தன, பிள்ளைகள் பிறந்தனர். ஆகையால், ஒரே இனத்தைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நமது பல தமிழ்ப்பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது.

அழிப்பானைத் தொட்ட நாம் பிரேசில், இலண்டன், நீலகிரி, செகந்திராபாத் சென்று நமது பள்ளி வாசலுக்கே வந்துவிட்டோம். இதனால் மாணவர்களுக்கு என்ன பயன் என்று பெற்றோர் கேட்கலாம். வரலாறு எங்கோ, யாருக்கோ நடந்தது என்று எண்ணும் பிள்ளை, தன் ஊரும் உலகக் கதையில் ஒரு கண்ணி என்று அறிகிறது. ‘அதனால்’ என்பதற்கும் ‘அப்போது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் கற்றுக்கொள்கிறது. கேள்விப்பட்டதையெல்லாம் நம்பிப் பிறருக்கு அனுப்பும் இக்காலத்தில் இது சிறிய பயனன்று.

இச்சங்கிலியில் இன்னும் ஒரு கண்ணி உண்டு. அதை எந்த ஆசிரியராலும் கற்பிக்க இயலாது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல், சென்னைக்கும் மலாயாவிற்கும் இடையே 1973 வரை நம்மவர்களை ஏற்றி இறக்கியது. அதில் வந்தவர்களில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே, அவர்களும் முதியவர்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் துறையில் இறங்கினார்கள், முதலில் எந்தத் தோட்டத்திற்குப் போனார்கள் என்ற விவரம் எந்தப் புதிர்ப் புத்தகத்திலும் இல்லை. பெற்றோர்களே, இந்தப் பள்ளி விடுமுறையில் உங்கள் பிள்ளையின் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்துத் தாத்தா பாட்டியின் அருகில் அமரச் செய்யுங்கள். அவர்கள் சொல்வதைப் பேனாவினால் எழுதச் சொல்லுங்கள்.