தூக்க மாத்திரையும் பெண்களும்: ஒரு நூற்றாண்டு வரலாறு

உறக்கத்தை மாத்திரையாக விற்கும் வணிகம் நூறாண்டுகளைக் கடந்தது. 1903 இல் ஜெர்மனியில் எமில் ஃபிஷரும் யோசஃப் ஃபான் மேரிங்கும் பார்பிட்டால் என்னும் மருந்தை அறிமுகம் செய்தனர். ‘வெரோனல்’ என்ற பெயரில் அது பரவியது. பார்பிட்டுரேட் வகை மருந்துகளில் உறங்கவைக்கும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. 1962 இல் நடிகை மர்லின் மன்றோ இறந்தது இவ்வகை மருந்தினால்தான்.

ஆகவே, 1960 இல் லிப்ரியமும் 1963 இல் வேலியமும் வந்தபோது மருத்துவ உலகம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. வேலியம் பதற்றம் தணிக்கும் மருந்தே. எனினும் உறக்கத்திற்காகவும் எழுதித் தரப்பட்டது. அமெரிக்க மருத்துவ இதழ்களின் விளம்பரங்களைப் பாருங்கள்: வீட்டு வேலையில் களைத்த தாய், மணமாகாத பெண், மாதவிடாய் நிற்கும் வயதினள். ஓய்வும் உதவியும் தேவைப்பட்டவளுக்கு மாத்திரை நீட்டப்பட்டது என்பதே என் கருத்து. ஆண்களைவிட ஏறத்தாழ இருமடங்குப் பெண்கள் அவற்றைப் பெற்றனர். முன்னாள் அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு, மதுவுக்கும் மாத்திரைகளுக்கும் தாம் அடிமையானதை 1978 இல் வெளிப்படையாகச் சொன்ன பிறகே பலர் விழித்துக்கொண்டனர்.

அடுத்து வந்தது சோல்பிடெம். 1992 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து இருபாலருக்கும் 10 மில்லிகிராம் என ஒரே அளவில் தரப்பட்டது. பெண்ணுடல் இதை மெதுவாகவே வெளியேற்றுகிறது. உண்டு எட்டு மணி நேரம் கழித்தும், வாகனம் ஓட்டுவதைப் பாதிக்கும் அளவு மருந்து 100 பெண்களில் 15 பேரின் குருதியில் இருந்தது. ஆண்களிலோ 3 பேரிடம் மட்டுமே. 2013 ஜனவரியில்தான் பெண்களுக்கான அளவு 5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. மிகுதியாக உண்டவர்களுக்கே பொருந்தாத அளவு, இருபது ஆண்டுகள்!

வயதின் கணக்கும் இதைப் போன்றதே. 2005 முதல் 2010 வரை அமெரிக்காவில் எடுத்த கணக்கின்படி, ஒரு மாத காலத்தில் மருத்துவர் எழுதித் தந்த தூக்க மருந்தை உண்டோர் பெண்களில் 5 விழுக்காடு, ஆண்களில் 3.1 விழுக்காடு. இருபது முதல் 39 வயது வரை 1.8 விழுக்காடாக இருந்தது, எண்பதைக் கடந்தவர்களிடம் 7 விழுக்காடு. முதியோர் இல்லங்களில் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை 1991 இலேயே மார்க் பியர்ஸ் என்னும் மருத்துவர் குழுவினருடன் வெளியிட்டிருந்தார். உடலில் நெடுநேரம் தங்கும் வேலியம் போன்றவை அதில் இடம்பெற்றன. இரவில் எழும் முதியவர் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதே பேரச்சம்.

இதைப் படித்துவிட்டு, வீட்டுப் பெரியவரின் மாத்திரையை இன்றிரவே எடுத்து ஒளித்துவிட வேண்டாம். வேலியம் வகையை நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மருத்துவர் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்தே அதை நிறுத்துவார்.