ஜெட் துளையும் கடல் தொழிலும்

1980களில் குமரிக் கரையின் வள்ளங்களில் மண்ணெண்ணெய் அவுட்போர்டு மோட்டார்கள் ஏறியபோது, துடுப்பும் பாயும் பழகிய கைகள், எரிபொருளை அளந்துவிடும் கார்புரேட்டர் ஜெட்டையும் பழக வேண்டியதாயிற்று. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எளிதில் ஆவியாகாத அந்த எண்ணெயின் கசடு, ஜெட்டின் மயிரிழை போன்ற பித்தளைத் துளையை அடைத்துவிடும். ஜெட் துப்புரவைச் சில்லறை வேலை என்பவர்கள் உண்டு. ஆனால் பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் மசகெண்ணெய் எரிபொருளோடு கலந்தே வருவதால், துளை அடைத்தால் வேகம் குறைவதோடு நிற்காது, பிஸ்டனே இறுகிப்போகலாம். கம்பியால் குத்தினால் போதாதா என்றால், மென்மையான பித்தளையில் துளை அகன்று எரிபொருள்-காற்றுக் கலவை கெடும். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடிப்பதே சரி. வள்ளங்களைக் கரை சேர்த்தது இயந்திரம் மட்டுமன்று, இந்தக் கைப்பக்குவமும்தான். மீன்பிடி வரலாறு அதற்கும் இடம் தர வேண்டும்.